வாசிக்க வருகிறது, பாட வரவில்லை: மெட்டமைக்கும் வயலின் கலைஞருக்கு ஒரு பதில்

கேள்வி: கும்பகோணம் பக்கம் வயலின் ஆசிரியையாக இருக்கிறேன். கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியமும் வாசிக்கிறேன். சில ஆண்டுகளாக நானே மெட்டமைத்து வருகிறேன். கல்யாணியில் ஆதி தாள வர்ணம் ஒன்று, தில்லானா ஒன்று, நானே உருவாக்கிய ஐந்து ஸ்வர ராகத்தில் ஒரு பாட்டு எனச் சேர்ந்திருக்கிறது. வர்ணத்தைப் பாடிப் பார்த்த பாடகி ஒருவர், "வயலினில் கேட்க நன்றாக இருக்கிறது, வாயில்தான் வர மாட்டேன் என்கிறது" என்றார். தில்லானாவின் முடிவு எடுப்புக்கு (பாட்டு மீண்டும் தொடங்க வேண்டிய இடத்துக்கு) இரண்டு அட்சரம் (தாளத்தின் சிறு அளவு) முன்னதாகவே வந்துவிடுகிறது என்று மிருதங்கம் வாசிப்பவர் சொல்கிறார். எண்ணிப் பார்த்தால் கணக்கு எனக்குச் சரியாகத்தான் வருகிறது. மெட்டு முதலிலா, சொல் முதலிலா? இவற்றை எழுதி வைப்பது, பதிவு செய்வது எப்படி? வர்ணத்தின் பல்லவியையும் தில்லானாவின் கணக்கையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

பாடகி சொன்னது சரி. உங்கள் மெட்டு தொண்டையில் பிறக்கவில்லை, விரலில் பிறந்திருக்கிறது. வயலின் கையில் வைத்துக்கொண்டே மெட்டுப் போடுகிற எல்லோருக்கும் இது நேர்வதுதான். எந்த இடங்களில் நேர்கிறது என்று தெரிந்துகொண்டால் திருத்திவிடலாம்.

பிடில் வாசிப்பவர் பாட்டுக் கட்டுவது நம் சங்கீதத்துக்குப் புதிதல்ல. இந்த வாத்தியம் நம்மிடம் வந்து சேர்ந்த காலத்திலேயே தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் இளையவரான வடிவேலு வயலினும் வாசித்தார், வர்ணங்களும் செய்தார். அவருக்கு 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நம் காலத்தில் லால்குடி ஜெயராமன் (1930–2013) செய்த வர்ணங்களும் தில்லானாக்களும் பாடகர்களிடமும் நடனக் கலைஞர்களிடமும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. அவர் வாசிப்பே பாடுவதுபோல இருக்கும் என்பார்கள். அவருடைய உருப்படிகள் பாடகர்களிடம் அவ்வளவு எளிதாகப் போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் வர்ணம். நம் வயலினின் சுருதிச் சேர்க்கை மந்தர (கீழ் ஸ்தாயி) ச, மந்தர ப, மத்ய (நடு ஸ்தாயி) ச, மத்ய ப. இதிலிருந்து இரண்டு தொல்லைகள் வருகின்றன. முதலாவது, திறந்த தந்திகளான ச-வும் ப-வும் தாமாகவே நன்றாக ஒலிக்கும். அந்த ஒலி இனிப்பாக இருப்பதால் கை ஒவ்வொரு பிடியையும் (ராகத்தின் சிறு ஸ்வரத் தொடரையும்) அங்கே கொண்டுபோய் நிறுத்தும். இரண்டாவது, ச தந்தியில் ச ரி க போட்ட அதே விரல் இடங்கள் அடுத்த தந்தியில் ப த நி ஆகின்றன. சங்கராபரணத்தில் நான்காவது ஸ்வரம்வரை இந்த ஜோடி பொருந்தும். கல்யாணியில் நான்காவதில் மட்டும் மாறும். அதனால் ஒரு பிடி வந்ததும் அதன் பஞ்சம நகலைக் கை கேட்காமலே வாசித்துவிடும். உங்கள் முக்தாயி ஸ்வரத்தை (அனுபல்லவிக்குப் பின் வரும் ஸ்வரப் பகுதியை) பாருங்கள்: "க ரி ச ரி" வந்த இடத்திலெல்லாம் அடுத்து "நி த ப த" வருகிறது. தந்தி மாறியிருக்கிறதே தவிர யோசனை மாறவில்லை.

கல்யாணியில் இது கூடுதலாகக் கெடுக்கும். ச-வையும் ப-வையும் தாண்டிப் போகிற பிடிகளில்தான் அந்த ராகத்தின் அழகு இருக்கிறது: நி ரி க ம த நி, தார (மேல்) ஸ்தாயியில் க ரி நி த ம க ரி. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஒவ்வொரு பிடியும் முடிகிற ஸ்வரத்தை வட்டமிடுங்கள். பாதிக்கு மேல் ச அல்லது ப என்று வந்தால் மெட்டை வாத்தியம் போட்டிருக்கிறது என்று பொருள். க, நி, ரி இவற்றில் நிற்கிற பிடிகளைக் கூட்டுங்கள். ச-வையும் ப-வையும் பல்லவி முடிவு, அனுபல்லவியில் மேலே ஏறி நிற்கும் இடம்போல நிற்க வேண்டிய சில இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லை விஷயத்திலும் வயலின் தாராளம். உங்கள் சரண ஸ்வரம் ஒன்று மந்தர க வரை இறங்குகிறது. மந்தர ச தந்தி இருப்பதால் உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. பாடுபவருக்கு அங்கே காற்றுதான் வரும். கீழே மந்தர ப, மேலே தார ப என்பதை வெளி எல்லையாக வைத்துக்கொண்டு, வேலையில் பெரும்பகுதியை மந்தர த முதல் தார க வரைக்குள் முடித்துவிடுங்கள். தார ப-வை முழு வர்ணத்திலும் ஓரிரு முறை தொட்டால் போதும். தாவல்களையும் கவனிக்க வேண்டும். மத்ய ரி-யிலிருந்து தார ரி-க்குத் தாவுவது வில்லுக்கு ஒரு சாய்ப்பு, குரலுக்கு ஒரு சாகசம். முதல் காலத்தில் ஒரு பாடகர் சமாளித்துவிடுவார். இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், ஸ்வரம் நழுவும்.

ஆகவே வேலை செய்யும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தம்புராவைப் போடுங்கள். தாளம் போட்டபடி, நிமிடத்துக்கு 60 எண் (தாளத் தட்டு) என்ற நடையில், அகாரத்தில் (சொல் இல்லாமல் "ஆ" என்று) ஒரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) முனகிப் பாருங்கள். குரல் வளம் தேவையில்லை, முனகினாலே போதும். மூச்சு எங்கே தானாக முடிகிறதோ அங்கே பிடியும் முடியட்டும். இந்த நடையில் ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்றுக்கு 8 விநாடி ஆகிறது. ஸ்வரப் பகுதிகளில் அரை ஆவர்த்தனத்துக்கு ஒரு முறையாவது மூச்சு வாங்க இடம் வேண்டும். வில்லைத் திருப்பினால் போதும் என்பதால் வயலினுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதனால்தான் நான்கு ஆவர்த்தன முக்தாயியை இடைவெளியே இல்லாமல் நிரப்பியிருக்கிறீர்கள். மெட்டு குரலில் நிலைத்த பிறகு வயலினை எடுங்கள். இப்போது அது பரிசோதகர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வில் என்று வாசித்துப் பாருங்கள். சொல்லின் நடுவில் வில்லைத் திருப்பியே ஆக வேண்டியிருந்தால் அந்தச் சொல் தேவைக்கு மேல் நீண்டிருக்கிறது.

பல்லவியின் முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். எண்ணுக்கு 4 அட்சரம், லகுவின் (தாளத்தின் முதல் பாதியின்) நான்கு எண்களுக்கு 16 அட்சரம். காற்புள்ளி ஒரு அட்சரக் கார்வை (நீட்டல்). சாகித்ய (பாட்டின் சொல்) வரியில் புள்ளி வந்தால் அதே எழுத்து அடுத்த ஸ்வரத்திலும் தொடர்கிறது. நீங்கள் எழுதியது:

க , , , | , , ம த | நி , , , | த ப ம க
தா , , , | , , ம ரை | ம , , , | லர்ப் . . .

"பாதமே கதி" இதற்குப் பிறகு திருதத்தில் (தாளத்தின் பின்பாதியில்) வருகிறது. வயலினில் இது கம்பீரமாகத்தான் இருக்கும். பாடினால் மூன்று இடத்தில் உடைகிறது. "தா" ஆறு அட்சரம் நிற்பதால் கேட்பவர் காதில் "தா" என்று ஒரு வேண்டுதலும், பிறகு "மரை" என்று ஒரு மானும் விழுகின்றன. "மலர்" என்பதில் முதல் எழுத்து குறில். அதை நான்கு அட்சரம் இழுத்தால் "மாலர்" ஆகிவிடும். மூன்றாவதாக, "லர்ப்" என்று ஒற்றில் மூடுகிற எழுத்தின் மேல் நான்கு ஸ்வரம் இறங்குகிறது. வாய் மூட வேண்டிய நேரத்தில் ராகம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடகர் ஒற்றை விட்டுவிட்டு "லா" என்று பாடுவார், வேறு வழியில்லை.

ராகத்தின் போக்கைப் பெரிதும் மாற்றாமல் இப்படி அமைக்கலாம்:

க , ம த | நி , , த | நி த ப , | த ம , க
தா , ம ரை | . , , ம | லர்ப் . பா , | த மே , .

"தாமரை" முதல் எண்ணுக்குள் முழுச் சொல்லாக முடிந்துவிடுகிறது. நீட்டல் சொல்லின் கடைசி எழுத்துக்குப் போய்விட்டது. "ம" ஒரே அட்சரம். "லர்ப்" இரண்டு அட்சரத்தில் மூடி, அடுத்த "பா"-வில் நேராக இறங்குகிறது. "பாதமே" என்ற சொல் ப, த, ம என்ற ஸ்வரங்களின் மேலேயே உட்காருகிறது. இந்த ஸ்வராட்சரம் உங்கள் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. நீங்கள்தான் அதைத் திருதத்துக்குத் தள்ளி விட்டிருந்தீர்கள். "மே" ம-வில் நிற்காமல் க-வில் இறங்குவதால் கல்யாணிக்கு உரிய நிறுத்தமும் கிடைக்கிறது. திருதத்துக்கு இப்போது 16 அட்சரம் மீதி இருக்கிறது. "கதி" என்ற இரண்டு குறிலை வைத்து அதை நிரப்ப முடியாது. "சரணடைந்தேன்" என்பதுபோல ஒரு சொல்லைக் கொண்டுவந்தால் கடைசியில் நீட்ட ஒரு நெடில் கிடைக்கும், "தா"-வுக்குச் "ச" இன மோனையாகவும் அமையும்.

இதிலிருந்து மற்ற வரிகளுக்கும் கை வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த நடையில் ஒற்றடுக்காத குறில் இரண்டு அட்சரத்தைத் தாண்டக் கூடாது. நெடில் எவ்வளவும் தாங்கும், ஆனால் சொல்லின் முதல் எழுத்தாக வரும் நெடிலை நீட்டுவதற்கு முன் மீதிச் சொல்லைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். "தலைவா" என்பதைத் "தலை" என்று நிறுத்தி "வா" என்று எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தார ஸ்தாயியில் நிற்கிற இடங்களுக்கு ஆ, ஏ, ஓ இவற்றில் ஒன்று வேண்டும். இகரத்திலும் உகரத்திலும் மேலே நின்றால் தொண்டை இறுகும், பாடுபவர் தாமே அதை எகரமாகவும் ஒகரமாகவும் மாற்றிக்கொள்வார், நீங்கள் எழுதிய சொல் காணாமல் போகும்.

எதுகையும் விட்டுப்போயிருக்கிறது. பல்லவி "தாமரை" என்று தொடங்கினால் அனுபல்லவியின் முதல் சொல்லும் இரண்டாம் எழுத்தாக ம-வைக் கொண்டு, முதல் எழுத்து நெடிலாக இருக்க வேண்டும்: "சேமமுற", "நாமமே", "பூமகள்" போல. நீங்கள் "தஞ்சமென" என்று எடுத்திருக்கிறீர்கள். மோனை வருகிறது, எதுகை இல்லை. அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது காது எதிர்பார்ப்பது எதுகையைத்தான்.

மெட்டு முதலிலா, சொல் முதலிலா என்று கேட்டிருக்கிறீர்கள். உருப்படிக்கு உருப்படி பதில் மாறும். தான வர்ணத்துக்கும் தில்லானாவுக்கும் மெட்டு முதலில். தான வர்ணத்தில் சொல் குறைவு, நெடில்கள் அதிகம். அது ராகத்தின் பிடிகளை வரிசைப்படுத்திக் காட்டும் உருப்படி. கீர்த்தனைக்குச் சொல் முதலில், சந்தேகமே வேண்டாம். வரிகளை எழுதி, சொல்லிச் சொல்லிப் பார்த்து, எந்த எழுத்தில் இயல்பாக அழுத்தம் விழுகிறது என்று குறித்த பிறகே ராகத்தைத் தேடுங்கள். பத வர்ணம் நடுவில் இருக்கிறது. அதில் முக்தாயி ஸ்வரத்துக்கும் சரண ஸ்வரங்களுக்கும்கூட சாகித்யம் வேண்டும். ஸ்வரத்தை வேகமாகப் போட்டுவிட்டால் பிறகு எழுத்துக்கு ஓர் எழுத்தாகச் சொல் பொறுக்கித் தவிக்க நேரிடும். ஸ்வரம் அமைக்கும்போதே குறில் நெடில் அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ணத்தின் அளவு சரியாகவே இருக்கிறது. ஆதி தாளத்தில் வழக்கமாகப் பல்லவி 2 ஆவர்த்தனம், அனுபல்லவி 2, முக்தாயி 4, அப்புறம் சரணம். சரண ஸ்வரங்கள் பெரும்பாலும் 1, 1, 2, 4 என்று வளரும். உங்களுடைய முதல் சரண ஸ்வரம்தான் இடம் மாறி வந்திருக்கிறது. அது நெடிய ஸ்வரங்களால் ஆனதாக இருக்க வேண்டும். க-வும் நி-யும் கார்வையாக நின்று ராகத்தின் முகத்தைக் காட்ட வேண்டும். நீங்கள் அதிலேயே ஜண்டை வரிசையை (ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வருவதை) கொட்டிவிட்டதால் நான்காவதில் செய்ய எதுவும் மிச்சமில்லை. ஜண்டையை மூன்றாவதுக்குத் தள்ளுங்கள். நான்காவது, முதல் இரண்டு ஆவர்த்தனம் சர்வலகுவாக (கணக்குச் சிக்கல் இல்லாத சீரான ஓட்டமாக) ஓடி, பிறகு தார ஸ்தாயியைத் தொட்டு, கடைசியில் ஒரு கோர்வையோடு (கணக்கோடு கூடிய முடிப்போடு) இறங்கட்டும்.

ஒவ்வொரு ஸ்வரமும் முடிகிற இடம் சரணத்தின் முதல் ஸ்வரத்தோடு ஒட்ட வேண்டும். சரணம் நி-யில் தொடங்கினால் ஸ்வரம் த-வில் முடிந்தால் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும்; க-வில் முடிந்தால் ஒரு பள்ளம் விழும். உங்கள் இரண்டாவது ஸ்வரம் அப்படித்தான் விழுகிறது.

இரண்டாம் காலத்தில் பாடிப் பார்க்காமல் வர்ணம் முடிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். முதல் காலத்தில் க-வுக்குத் தருகிற அகலமான அசைவு இரண்டாம் காலத்தில் இடம் போதாமல் குழம்பும். அங்கே எந்த ஸ்வரம் அசையும், எது நேராக நிற்கும் என்பதை நீங்களே தீர்மானித்துக் குறித்து வைக்க வேண்டும். பாடுபவரிடம் விட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி தீர்மானிப்பார்கள், இரண்டு தலைமுறையில் அது வேறு வர்ணம்.

தில்லானா கணக்குக்கு வருவோம். மிருதங்கக்காரர் சரி, நீங்களும் பாதி சரி. ஐந்து அட்சரத் "ததிங்கிணதோம்" மூன்று முறை, இடையில் இரண்டு அட்சரக் கார்வை என்று வைத்திருக்கிறீர்கள். ஐந்தும் இரண்டும் ஏழு, மூவேழு 21, ஆகவே ஓர் ஆவர்த்தனத்தின் 32-இல் 21 போக 11 அட்சரம் விட்டு எடுத்திருக்கிறீர்கள். தவறு மூன்றாவது கார்வையில் இருக்கிறது. மூன்றாவது தோமுக்குப் பிறகு கார்வை கிடையாது, அங்கே எடுப்பு வந்துவிட வேண்டும். உண்மையான அளவு 5 + 2 + 5 + 2 + 5 = 19. நீங்கள் 11-க்குப் பிறகு தொடங்குவதால் 30-இலேயே முடிகிறது. மீதி இரண்டு அட்சரம்தான் அவர் சொல்கிற இரண்டு.

திருத்த இரண்டு வழி. 13 அட்சரம் விட்டு, அதாவது நான்காவது எண்ணின் இரண்டாம் அட்சரத்தில் எடுங்கள். அல்லது எடுத்த இடத்தை மாற்றாமல் கார்வையை மூன்றாக்குங்கள்: 5 + 3 + 5 + 3 + 5 = 21, கச்சிதமாக சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) விழும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கிறது. மூன்று அட்சரக் கார்வையில் தோம் நன்றாக நின்று ஒலிக்கும், ஆடுபவருக்கும் பாதம் வைத்து நிற்க நேரம் கிடைக்கும். பிற்பாடு எடுப்பை ஒன்றரை எண் தள்ளி வைக்க நினைத்தால் இலக்கு 32 அல்ல, 38, அதிலிருந்து கழியுங்கள்.

தில்லானாவின் சொற்கட்டில் ஒரே ஒரு மாற்றம்: மூன்றாம் காலத்தில் "த்ருதிம்" போன்ற மெய்க்கூட்டுகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறீர்கள். வில் அதைச் சொல்லிவிடும், நாக்கு சொல்லாது. "தனன", "திரன" போன்ற திறந்த சொற்களை இடையிடையே சேருங்கள்.

ஐந்து ஸ்வர ராகத்துப் பாட்டை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வேன். புதிய அளவுகோல் ஒன்றை அமைப்பது எளிது. அதற்கென்று பிடிகள் இல்லாதபோது மெட்டு ஏறுகிறது, இறங்குகிறது, அதற்கு மேல் செல்ல வழியில்லை. தவிர, ஐந்து ஸ்வரச் சேர்க்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கோ ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கும். அந்தப் பாட்டின் சொற்கள் நன்றாக இருக்கின்றன, குறிப்பாகச் சரணம். அதே வரிகளைப் பேகடாவிலோ சஹானாவிலோ போட்டுப் பாருங்கள். வக்ரமான ராகங்கள் மேலேறவும் கீழிறங்கவும் நேர்வழி தராததால் விரல் பழக்கம் அங்கே செல்லாது. உங்களுக்கு அதுவே நல்ல பயிற்சி. மோகனத்திலும் ஹம்சத்வனியிலும் தொடங்க எல்லோருக்கும் ஆசை வரும். மெட்டு உடனே வரும், வேறு யாரோ போட்ட மெட்டாக வரும். கல்யாணியிலும் அந்த ஆபத்து உண்டு. ஆதியிலும் அட தாளத்திலும் பெயர்பெற்ற வர்ணங்கள் இருக்கின்றன. அவற்றின் எடுப்புகளை எழுதி உங்களுடையதன் பக்கத்தில் வைத்து, முதல் எட்டு அட்சரம் எதனோடும் ஒத்துப்போகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எழுதி வைப்பதற்கு நம்முடைய இரட்டை வரி முறையே போதும்: மேலே ஸ்வரம், கீழே சாகித்யம். தலைப்பில் ராகம், ஆரோகண அவரோகணம், தாளம், களை (ஓர் எண்ணின் உட்பிரிவு), எடுப்பு, காலப்பிரமாணம் (வேகம்), இயற்றிய தேதி. ஸ்தாயிப் புள்ளிகளை மேலும் கீழும் தவறாமல் போடுங்கள்; கைப்பிரதிகளில் முதலில் தொலைவது அவைதான். மூச்சு வாங்கும் இடங்களுக்குச் சிறு குறி ஒன்று. சொற்களைப் பிரித்து ஒருமுறை உரைநடையாகக் கீழே எழுதிவிடுங்கள். ஸ்வர வரியில் துண்டான எழுத்துகளைப் பார்த்துப் பாடம் செய்பவர் "தா மரை" என்றுதான் படிப்பார்.

கமகத்தை (ஸ்வரங்களின் அசைவை) எழுத்து சுமக்காது. ஒலிப்பதிவு வேண்டும். அமைதியான அறையில் செல்பேசியே போதும். தம்புரா பின்னணியில் தாளம் கேட்கும்படி தட்டிக்கொண்டு, முதலில் ஸ்வரமாக மெதுவாக, பிறகு சாகித்யமாக, பிறகு இரண்டு காலத்தில் என்று மூன்று தனித்தனிப் பதிவுகள். குரலில் பதிவு செய்யுங்கள், வயலினில் வேண்டாம். எந்தக் கட்டையில் (சுருதியில்) பாடுகிறீர்கள் என்று தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். திருத்தம் செய்தால் பழைய பதிவை அழிக்காமல் புதிய தேதியோடு சேர்த்து வையுங்கள்.

மேடைக்குப் போகுமுன் உங்கள் மாணவர்களில் இருவருக்கு, முடிந்தால் ஒருவர் வாய்ப்பாட்டுப் படிப்பவராக இருக்க, வர்ணத்தைப் பாடம் சொல்லுங்கள். சில வாரம் கழித்துத் திரும்பப் பாடச் சொல்லிக் கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மாற்றிப் பாடினால் தவறு அவர்களுடையது அல்ல. பெரும்பாலும் அவர்கள் மாற்றிய வடிவம்தான் வாய்க்கு ஏற்றது, அதையே எழுதிக்கொள்ளலாம். பாடகர்களிடம் கொடுக்கும்போது கச்சேரி அன்று மேடைக்குப் பின்னறையில் நீட்டாதீர்கள். நீங்கள் பக்கவாத்தியம் வாசிக்கப் போகும் பாடகர் என்றால் அவருக்குத் தட்டிக்கழிக்கவும் சங்கடம், பாடவும் சங்கடம். ஒரு மாதம் முன்னால் ஸ்வரப் பிரதியும் ஒலிப்பதிவும் அனுப்பிவிட்டு, பிடித்தால் பாடட்டும் என்று விட்டுவிடுங்கள். தில்லானாவுக்கு நடன ஆசிரியர்கள்தான் நல்ல வாசல். அவர்கள் ஜதி சேர்க்க ஓரிரு ஆவர்த்தனம் கூட்டவோ குறைக்கவோ கேட்பார்கள். எந்தப் பகுதியை நீட்டலாம், எதைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பதிப்புரிமைப் பதிவு பற்றி. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் பதிவு சான்றாக உதவும், அவ்வளவுதான். ராகத்துக்கோ தாளத்துக்கோ யாரும் உரிமை கோர முடியாது. நீங்கள் அமைத்த மெட்டுக்கு மட்டும் உரிமை உண்டு. சட்டத்தின் கண்ணில் மெட்டு வேறு, சொல் வேறு. மெட்டு இசைப் படைப்பு, அதன் ஸ்வரக் குறிப்பும் அதில் அடங்கும்; சாகித்யம் இலக்கியப் படைப்பு. இரண்டையும் நீங்களே செய்திருந்தாலும் விண்ணப்பம் தனித்தனி. வேறொருவர் எழுதிய வரிகளுக்கு மெட்டமைத்தால், எதற்கெல்லாம் பயன்படுத்த இசைகிறார் என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கடந்த வரிகளுக்கு அனுமதி தேவையில்லை. தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் யாரையும் கேட்க வேண்டாம்.

விண்ணப்பத்தை டெல்லியிலுள்ள பதிப்புரிமைப் பதிவாளர் அலுவலகத்துக்கு இணையம் வழியாகவே அனுப்பலாம், படிவம் 14. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி இசைப் படைப்புக்கும் இலக்கியப் படைப்புக்கும் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. விண்ணப்பித்த பின் ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. வர்ணத்தில் மேலே சொன்ன திருத்தங்கள் எல்லாம் முடிந்து, இரண்டாம் காலத்திலும் பாடிப் பார்த்த பிறகு அனுப்புங்கள். தில்லானாவை இப்போதே அனுப்பலாம், கார்வையை மூன்றாக்கி, சொற்கட்டையும் திருத்திவிட்டு.